மாமரத்து நிழலில் எது பளிச்சென்று தெரியும்?

கேள்வி: முற்றத்து மாமரத்தின் கீழ் சிவப்புக் குரோட்டன் வைத்தோம். ஆறு மாதத்தில் கறுத்துப்போய், விறாந்தையில் இருந்து பார்த்தால் தெரிவதே இல்லை. வருடக்கணக்கில் நிற்கக்கூடிய, பளிச்சென்ற கன்றுகள் எவை? (கோண்டாவில்)

குரோட்டனுக்கு நிறம் கொடுப்பது வெயில். நிழலில் அது கரும்பச்சைக்குத் திரும்பிவிடும். கருஞ்சிவப்பு, ஊதா இலைகளும் நிழலோடு நிழலாகக் கரைந்துவிடும். அங்கே கண்ணில் படுவது வெள்ளையும் இளமஞ்சளும்தான்.

முதலில் நிழலை அளந்து பாருங்கள். நண்பகலில் ஒரு வெள்ளைத்தாளை நிலத்தில் விரித்து, ஒரு அடி உயரத்தில் கையைப் பிடியுங்கள். விரல்கள் பிரிந்து தெரிந்தால் இளநிழல். மங்கலாக ஒரு கறுப்பு மட்டும் விழுந்தால் நடுநிழல். ஒன்றுமே விழாவிட்டால் கடும்நிழல். இளநிழலில் மஞ்சள் வரி அல்பினியா, வெள்ளைக்கரை நந்தியாவட்டை, ஸ்பைடர் லில்லி, கனகாம்பரம் எல்லாம் வரும். நடுநிழலுக்கு டைபன்பேக்கியா, வெள்ளைக் கலேடியம். கடும்நிழலில் பூவை மறந்துவிடுங்கள். வெள்ளி அக்லோனிமாவும் மஞ்சட்கரை மருளும் (சன்சவேரியா) போதும்.

வகைக்கு ஒன்றாக நட்டால் கன்று விற்கும் கடைபோல இருக்கும். ஒரே வகையில் ஐந்து, ஏழு கன்றுகளை 30 முதல் 40 சென்ரிமீற்றர் இடைவெளியில் கூட்டமாக வையுங்கள். தூரத்தில் இருந்து தெரிவது அந்தக் கூட்டம்தான்.

மாமரத்து வேரை அலவாங்கு போட்டு வெட்டாதீர்கள், அடிமரத்தில் மண்ணும் குவிக்காதீர்கள். கன்றை 10 அங்குலச் சாடியோடு வேர்களுக்கிடையில் சாடியின் கழுத்தளவு புதையுங்கள். வருடம் ஒருமுறை தூக்கி, துவாரத்தால் புகுந்த வேரை நறுக்கிவிட்டு மறுபடி இறக்குங்கள். மாம்பூக் காலத்தில் தத்துப்பூச்சி சிந்தும் பிசினில் கரும்பூசணம் படர்ந்து, வெள்ளை இலை கரி பூசினதுபோல் ஆகும். கன்றுக்கு நோய் என்று பயப்பட வேண்டாம். சவர்க்காரத் தண்ணியில் துணியை நனைத்துத் துடைத்தால் போய்விடும்.

கேள்வி: மஞ்சட்கரை மருளின் இலையைத் துண்டாக வெட்டி நட்டேன். முளைத்ததெல்லாம் வெறும் பச்சை. ஏன்? (மானிப்பாய்)

அந்த மஞ்சட்கரை இலைத்துண்டின் வழியாகக் கடத்தப்படாது. தாய்க்கிழங்கைப் பிரித்து, வேரோடு நட்டால் மட்டுமே கரை நிலைக்கும். மற்ற வரியிலைக் கன்றுகளிலும் முழுப்பச்சைக் கிளை ஒன்று கிளம்பினால் அடியோடு வெட்டிவிடுங்கள். பச்சையம் கூடிய கிளை வேகமாக வளர்ந்து, மற்றதை அமுக்கிவிடும்.

கேள்வி: மதிலோரத்து வெட்சியின் இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கின்றன. குசினிச் சாம்பல் போட்டும் சரிவரவில்லை. (சுன்னாகம்)

சாம்பலை உடனே நிறுத்துங்கள். அது நிலைமையை இன்னும் மோசமாக்கும். எங்கள் யாழ்ப்பாண மண்ணுக்கு அடியில் சுண்ணக்கல், கிணற்றுத் தண்ணியிலும் சுண்ணாம்பு. மண்ணில் இரும்பு இருந்தும் அந்தக் காரத்தில் வேரால் எடுக்க முடியாது. மதிலின் சீமெந்துக் கழிவும் அங்கே விழுந்திருக்கக்கூடும். பெரஸ் சல்பேற்றை (இரும்பு உப்பு) மண்ணில் போட்டால் அங்கேயே முடங்கிவிடும். ஒரு லீற்றர் தண்ணியில் 5 கிராம் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளியுங்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி. புது இலை பச்சையாக வந்தால் சரி. பழைய இலை முழுதாகத் திரும்புமென்று காத்திருக்காதீர்கள். மழைத்தண்ணி பிடித்து ஊற்ற முடிந்தால் அதைவிட நல்லது இல்லை.

கேள்வி: மாரியில் அழகாக நின்ற கலேடியம் கோடையில் காணாமல் போய்விட்டது. செத்துவிட்டதா? (சாவகச்சேரி)

பெரும்பாலும் உறக்கம்தான். இலை சரியும்போது பாவம் பார்த்துத் தண்ணி ஊற்றுவதால்தான் கிழங்கு அழுகுகிறது. மெதுவாகக் கிளறி எடுத்து அமத்திப் பாருங்கள். கல்லுப்போல இருந்தால் உயிர் உண்டு, கொழகொழத்தால் வீசுங்கள். நல்லதை உலர்ந்த மணலில் நிழலாக வைத்து, ஐப்பசி மழையோடு முளைப்பக்கம் மேலாக 5 சென்ரிமீற்றர் ஆழத்தில் நடுங்கள்.

கேள்வி: சின்னப்பிள்ளை உள்ள வீட்டில் இவை ஆபத்தா? (நல்லூர்)

டைபன்பேக்கியா, அக்லோனிமா, கலேடியம் மூன்றின் சாறும் வாயில் பட்டால் நாக்கு எரிந்து வீங்கும். தவழும் பிள்ளை இருந்தால் அல்பினியாவோடும் கனகாம்பரத்தோடும் நின்றுகொள்ளுங்கள். மாரியில் சாடிக்கு அடியில் தட்டு வைக்க வேண்டாம், நுளம்பு பெருகும்.