கூட்டாளிமார் பகிடிவதை செய்கிறார்கள். அவர்களோடு இருப்பதா, விலகுவதா?

கேள்வி கேட்ட தம்பி கம்பஸில் இரண்டாம் வருடம். ஒரே அறையில் இருக்கிற கூட்டாளிமார் தனக்கு உயிர் என்கிறார். ஆனால் அவர்கள் இரவில் ஜூனியர்களைக் கூப்பிட்டுப் பகிடிவதை (ராகிங்) செய்கிறார்களாம். தான் ஒன்றும் செய்வதில்லை, பக்கத்தில் நிற்பதோடு சரி, விலகினால் தனித்துப் போய்விடுவேன் என்று எழுதியிருக்கிறார்.

தம்பி, கூட்டாளிமாரை விடுவதா வேண்டாமா என்பதை ஆறுதலாக யோசிக்கலாம். இன்றிரவு அவர்கள் ஜூனியர்களைக் கூப்பிட்டால் நீங்கள் அந்த இடத்தில் நிற்காதீர்கள். முதலில் அது.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு மேல்மாடியில் கனகாலமாகப் படிக்கிற பெடியளுக்கு வாடகைக்கு அறை கொடுத்து வருகிறோம். ஒரு நாள் மைமல் நேரம். கிணற்றடியில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். புதிதாக வந்த பெடியள் நாலைந்து பேர், கழுத்துப் பொத்தான் வரை பூட்டிய சட்டையோடு, தலையைக் குனிந்துகொண்டு வரிசையில் நிற்கிறார்கள். முன்னால் நின்றவன் ஒருவனிடம் கேட்கிறான், "எந்த ஊர்?" பெடியன் ஊரைச் சொன்னான். "ஊரில எந்தப் பக்கம்? எந்தக் கோயிலடி?" இந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்று இங்கே பிறந்து வளர்ந்த எவருக்கும் விளங்கும். வாய் திறந்து சாதி கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் கோயிலையும் குறிச்சியையும்தான் கேட்பார்கள். பெடியனுக்கும் விளங்கிவிட்டது. முகம் கறுத்துப்போய், பதில் சொல்லாமல் நின்றான்.

எங்கள் மேல்மாடிப் பெடியன் ஒருவன் கேற்றடியில் போனைப் பார்த்தபடி நின்றான். அவன் அதட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. ஆனால் கேள்வி கேட்கப்பட்டவன் நிமிர்ந்து பார்த்தது அவனைத்தான். அவனாவது ஒரு சொல் சொல்லமாட்டானா என்ற பார்வை.

நான் இறங்கிப் போய் எல்லாரையும் வெளியே அனுப்பினேன். பிறகு கேற்றடியில் நின்றவன் வந்து, "அன்ரி, நான் ஒண்டுமே செய்யேல்லை" என்றான். "நீர் நிண்டதுதான் ராசா அவங்களுக்குப் பலம்" என்றேன்.

உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். பகிடிவதையைத் தனியே ஒருவன் செய்து பார்க்கட்டும், எந்த ஜூனியரும் நிற்கமாட்டான். சுற்றிவரப் பத்துப் பேர் நிற்பதால்தான் ஜூனியர் பயப்படுகிறான். அந்தப் பத்தில் வாய் பேசாதவர் யார் என்று எண்ணிப் பார்க்க அவனால் முடியாது.

சட்டமும் இதைப் பெரிதாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. 1997இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வரப்பிரகாஷ் என்ற எங்கள் தமிழ்ப் பிள்ளை பகிடிவதையால் செத்துப்போனான். அடுத்த வருடமே, பகிடிவதையைத் தடை செய்கிற 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. செய்கிறவரோடு பங்குபற்றுகிறவரும் அதில் குற்றவாளி. வளாகத்துக்கு உள்ளே நடந்தாலும் வெளியே நடந்தாலும் ஒன்றுதான், ஆகவே வாடகை வீட்டுக் கிணற்றடியும் அதற்குள் வரும். 2 வருடம் வரை கடூழியச் சிறை. பெரிய காயமோ பாலியல் தொல்லையோ என்றால் 10 வருடம் வரை போகும். இதை உங்கள் கூட்டாளிமாருக்கும் சொல்லுங்கள், அவர்களுக்கும் அம்மா அப்பா இருக்கிறார்கள்.

இனி நட்புக்கு வருவோம். கூட்டாளி செய்கிற எல்லாவற்றையும் ஒரே தராசில் போடக்கூடாது. அவன் சிகரெட் குடிக்கிறான், கோயிலுக்குப் போவதில்லை, யாரோ ஒரு பிள்ளையை விரும்புகிறான் என்றால் அது அவன் பாடு. அக்கறை இருந்தால் ஒருதரம் சொல்லுங்கள், கேட்காவிட்டால் விடுங்கள். எங்கள் ஊரில் இது தலைகீழாக நடக்கிறது. பியர் குடித்த பெடியனோடு சேராதே என்று பிள்ளையைத் தடுக்கிற தாய் தகப்பன், ஜூனியரை அழவைக்கிறவனை "நல்ல குடும்பத்துப் பெடியன்" என்று வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போடுகிறார்கள். எனக்கு இதில் சரியான கோபம். இன்னொருவரின் மானத்தில் கை வைக்கிற பழக்கம்தான் நட்பையே கேள்வி கேட்க வேண்டிய பழக்கம்.

சொல்லும்போது கூட்டத்துக்கு நடுவில் வைத்துச் சொல்லாதீர்கள். நாலு பேருக்கு முன்னால் எவனும் இறங்கி வரமாட்டான், வீறாப்புத்தான் கூடும். உங்களோடு ஆக நெருக்கமானவனைத் தேத்தண்ணிக் கடைக்குத் தனியே கூட்டிக்கொண்டு போங்கள். எங்கள் கேற்றடிப் பெடியன் தன் கூட்டாளியிடம் சொன்னதைப் பிறகு எனக்கும் சொன்னான்: "மச்சான், உன்னோட சாப்பிடுவன், படிப்பன், சோதினைக்கு நோட்ஸ் தருவன். ஜூனியரைக் கூப்பிடுற அலுவலுக்கு மட்டும் நான் வரமாட்டன். நீயும் போகாதை." இதில் திட்டு ஒன்றும் இல்லை, ஆனால் மழுப்பலும் இல்லை. அப்படிச் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் அவனோடு ஒருவரும் கதைக்கவில்லை. சாப்பாட்டுப் பார்சல் எடுக்கப் போகிறவர்கள் அவனைக் கேட்காமலே போனார்கள். அவன் தனியே கூப்பிட்டுச் சொன்ன அந்தக் கூட்டாளி மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தான். மற்றவர்கள் கடைசிவரை வரவில்லை. உங்களுக்கும் அப்படி நடக்கலாம், அந்த நாள்கள் கடுமையாகத்தான் இருக்கும். உங்கள் பட்சில் (ஒரே வருடத்து மாணவர்களில்) உங்களைப் போலவே பிடிக்காமல் பேசாமல் இருக்கிறவர்கள் இருப்பார்கள். ஒருவர் விலகின பிறகுதான் அவர்கள் கண்ணில் படுவார்கள்.

நண்பரை எப்படித் தெரிவு செய்வது என்றும் கேட்டீர்கள். இருபது வயதில் எவரும் தெரிவு செய்வதில்லை. அறை, பட்ச், ஊர் என்று தானாக வந்து சேருவதுதான். தெரிவு அதற்குப் பிறகு. சின்ன விசயம் ஒன்றுக்கு "ஏலாது" என்று சொல்லிப் பாருங்கள். விரிவுரைக்கு வராதவனுக்காக வரவுத்தாளில் கையெழுத்து வைக்கச் சொன்னால், மாட்டேன் என்று சொல்லுங்கள். முகத்தைத் தூக்கிவிட்டு அடுத்தநாள் வழமைபோலக் கதைக்கிறவனோடு கனதூரம் போகலாம். அன்றே உங்களைப் பற்றி மற்றவர்களிடம் கதை கட்டுகிறவனுக்குத் தேவைப்பட்டது நீங்கள் இல்லை, உங்கள் கையெழுத்து.

ஒரு விசயத்தில் மட்டும் கூட்டாளி என்று பார்க்காதீர்கள். ஜூனியர் யாருக்காவது உடம்பில் அடி விழுந்தாலோ, ஒருவன் சாப்பிடாமல் அறையைப் பூட்டிக்கொண்டு கிடந்தாலோ, அன்றே மாணவர் ஆலோசகரிடமோ நம்பிக்கையான விரிவுரையாளரிடமோ சொல்லிவிடுங்கள். காட்டிக் கொடுத்தவன் என்று பெயர் வைப்பார்கள் என்ற பயம் எனக்கு விளங்குகிறது. வரப்பிரகாஷின் பக்கத்தில் நின்றவர்களுக்கும் ஏதோ ஒரு பயம் இருந்திருக்கும்.

அறை மாற வேண்டி வந்தால் செமஸ்டர் முடிகிற கிழமையே வேறு இடம் பாருங்கள். வீட்டுக்காரருக்கு ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். நடுவில் எழும்பிப் போனால் அட்வான்ஸ் காசைத் திரும்ப வாங்குவது கரைச்சல்.