ஈரிக்கு மோல்டு வேலைக்கு வரும் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். கோயம்புத்தூரில் அச்சும் கருவியும் செய்யும் டூல் ரூமில் ஆறு வருடம், பிறகு இங்கே முதுகலைப் படிப்பு, இப்போது பென்சில்வேனியாவில் ஈரி பக்கம் இன்ஜெக்‌ஷன் மோல்டு, அதாவது உருகிய பிளாஸ்டிக்கை அழுத்தி உருக்கொடுக்கும் எஃகு அச்சு, செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் வேலை. ‘அமெரிக்காவில் ஃபேக்டரி வேலையெல்லாம் சீனாவுக்குப் போயாச்சு, அங்கே கூலி கம்மி, பேசாமல் ஐடிக்கு மாறிவிடு’ என்று கூடப் படித்தவர்கள் சொல்கிறார்கள், சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே வாடகை, பனி, மளிகை. அந்த மூன்றையும் கடைசியில் நாலு வரியில் முடித்துவிடுகிறேன். வேலை ஏன் போனது, எந்த வேலை போனது என்று தெரியாமல் இங்கே ஒரு மோல்டு கம்பெனியில் கால் வைக்கக் கூடாது. அதனால் அதைத்தான் நீளமாகச் சொல்லப் போகிறேன்.

முதலில் எண்ணிக்கை. அமெரிக்க உற்பத்தித் துறையில் அதிகம் பேர் வேலை பார்த்தது 1979-இல், சுமார் 1 கோடியே 95 லட்சம் பேர். 2000-இல் அது 1 கோடியே 73 லட்சம் அளவில் இருந்தது. 2010 தொடக்கத்தில் 1 கோடியே 15 லட்சம். அதாவது முதல் இருபது வருடத்தில் போனது இருபது லட்சத்துச் சொச்சம். அடுத்த பத்தே வருடத்தில் ஐம்பது லட்சத்துக்கு மேல். இரண்டையும் ஒரே காரணத்தில் அடைக்க முடியாது. ஒஹையோவில் யங்ஸ்டவுன் இரும்பாலை மூடல் அறிவிக்கப்பட்டது 1977 செப்டம்பரில். அப்போது சீனா எந்தக் கணக்கிலும் இல்லை. பழைய உலைகள், ஜப்பானிய இரும்பு, பிறகு பழைய இரும்பை மின்வில் உலையில் உருக்கும் சின்ன ஆலைகள், இவைதான் அந்தக் காலத்துக் காரணங்கள். 2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்த பிறகு நடந்தது வேறு கதை. அதன் மேல் 2008 பொருளாதார மந்தமும் சேர்ந்துகொண்டது.

இப்போது கூலிக்கு வருவோம். டூல் ரூம் ஆளுக்குக் கணக்குப் போட்டுக் காட்டுவதுதான் சரி. 120 கிராம் எடையுள்ள ஒரு ஏபிஎஸ் பிளாஸ்டிக் கவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் கிலோ இரண்டரை டாலர் என்றால் ஒரு பீஸுக்கு 30 சென்ட். மோல்டில் இரண்டு குழி (கேவிட்டி), ஒரு தடவை அடிக்க 35 விநாடி என்றால் மணிக்கு 205 பீஸ். மெஷின் மணிக்கு 45 டாலர் என்றால் பீஸுக்கு 22 சென்ட். ஆபரேட்டருக்கு எல்லாம் சேர்த்து மணிக்கு 28 டாலர். ஒரு மெஷினுக்கு ஒருவர் நின்றால் 14 சென்ட். ரோபோ கை எடுத்து வைக்க, ஒருவர் நாலு மெஷினைப் பார்த்தால் மூன்றரை சென்ட். இந்தக் கணக்கில் கூலிக்காக யாரும் கடல் தாண்டிப் போக மாட்டார்கள். காலி கவர் பெட்டியில் பாதி காற்று, கப்பல் வாடகைக்கே கட்டாது.

கூலி எங்கே கடிக்கிறது என்றால் கையால் செய்யும் அசெம்பிளியில். அந்தக் கவருக்குள் எட்டு ஸ்க்ரூ, ஒரு வயர், ஒரு ஸ்டிக்கர், ஒரு டெஸ்ட் என்றால் ஆறு நிமிடம் ஆகிவிடும். அதே 28 டாலர் கணக்கில் 2 டாலர் 80 சென்ட். முழுக் கவரின் விலையைவிட நாலு மடங்கு. காருக்குள் ஓடும் வயர்க் கட்டு (ஹார்னஸ்) இன்றைக்கும் கையால்தான் கட்ட வேண்டியிருக்கிறது. அதனால்தான் அது மெக்சிகோவில் ஹுவாரெஸ் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டது. அந்த ஊர்களுக்கு வழி திறந்தது 1965-இல் வந்த மக்கிலாடோரா திட்டம்: உதிரிகளை வரியில்லாமல் கொண்டுவந்து, அசெம்பிள் செய்து, திருப்பி ஏற்றுமதி செய்வது. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றுக்கும் இடையே 1994-இல் வந்த நாஃப்டா வர்த்தக ஒப்பந்தம் அதை அகலப்படுத்தியது.

அசெம்பிளி போனால் மற்றதெல்லாம் பின்னாலேயே போகும். இதைத்தான் யாரும் நின்று யோசிப்பதில்லை. கவர் அடிப்பவன் அசெம்பிளிக்குப் பக்கத்தில் இருந்தால்தான் கப்பல் செலவு மிச்சம், ஆகவே அதுவும் போகும். கவர் அடிப்பவன் போனால் மோல்டு செய்பவன் அவன் பக்கத்தில் வேண்டும். மோல்டு ராத்திரி இரண்டு மணிக்குப் பிசிறு (இடுக்கில் கசியும் பிளாஸ்டிக்) தள்ளினால் காலை ஷிஃப்டுக்குள் பாலிஷ் போட்டு, ப்ளூ மேட்சிங் (நீல மை தடவி இரண்டு பாதியும் பொருந்துகிறதா என்று) பார்த்து, திருப்பி ஏற்ற வேண்டும். நைலான் 0.02 மில்லிமீட்டர் இடைவெளி கிடைத்தாலே கசியும். பத்தாயிரம் கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு அந்த வேலையைச் செய்ய முடியாது. மோல்டு செய்பவனும் போனபின் அவனிடம் தொழில் கற்கும் பையன் எங்கிருந்து வருவான்? இங்கே ஒரு டூல் மேக்கர் அப்ரென்டிஸ் பயிற்சி வழக்கமாக 8,000 மணி நேரம், நாலு வருடம். நாலு வருடத்துக்கு ஆர்டர் இருக்குமா என்று தெரியாத முதலாளி பையனை எடுக்க மாட்டார்.

2013-இல் ஆப்பிள் நிறுவனம் மேக் ப்ரோ கணினியை டெக்சஸில் ஆஸ்டினில் அசெம்பிள் செய்ய ஆரம்பித்தபோது சிக்கல் பண்ணியது ஒரு ஸ்க்ரூ. அவர்கள் வடிவமைப்புக்கான ஸ்க்ரூவைச் செய்த உள்ளூர்ப் பட்டறையில் இருபது பேர். ஒரு நாளைக்கு அதிகபட்சம் ஆயிரம்தான் அவர்களால் முடிந்தது. பிறகு சீனாவிலிருந்து வரவழைத்தார்கள். அமெரிக்காவில் டூலிங் எஞ்சினியர்களைக் கூட்டினால் ஒரு அறை நிரம்புமா என்பதே சந்தேகம், சீனாவில் பல கால்பந்து மைதானங்கள் நிரம்பும் என்று 2017-இல் ஆப்பிள் தலைவராக இருந்த டிம் குக் சொன்னது இதைத்தான். கூலி ஏறிய பிறகும் வேலை அங்கேயே நிற்பதற்குக் காரணம் இந்தச் சங்கிலி முழுசாக அங்கே இருப்பது.

திரும்பி வந்ததும் உண்டு. கென்டக்கியில் லூயிவில் ஊரில் ஜெனரல் எலக்ட்ரிக்கின் (ஜி.இ.) வீட்டுச் சாதன ஆலையான அப்ளையன்ஸ் பார்க்கில் 1973-இல் சுமார் 23,000 பேர் வேலை பார்த்தார்கள். 2011-இல் இரண்டாயிரத்துக்கும் குறைவு. 2012-இல் ஜியோஸ்பிரிங் என்ற வாட்டர் ஹீட்டரைச் சீனாவிலிருந்து அங்கே கொண்டுவந்தார்கள். வடிவமைத்தவர்களும் லைனில் நிற்பவர்களும் சேர்ந்து உட்கார்ந்து பிரித்துப் பார்த்தபோதுதான், உள்ளே இருந்த செம்புக் குழாய்ச் சிக்கலைப் பற்ற வைப்பதே பெரும் பாடு என்று தெரிந்தது. மாற்றி வரைந்தார்கள். பத்து மணி நேர வேலை இரண்டு மணி நேரமானது, 1,599 டாலர் விலை 1,299 ஆனது. அப்படியும் விற்பனை போதாமல் 2016-இல் நிறுத்தினார்கள். வேலையைத் திருப்பிக் கொண்டுவருவதால் மட்டும் பொருள் விற்றுவிடாது என்பதற்கும் இதுவே சாட்சி.

நீங்கள் போகும் ஊருக்குத் தெற்கே நாற்பது மைலில் மீட்வில் இருக்கிறது. சேருமுன் ஒரு சனிக்கிழமை அங்கே போய்ப் பாருங்கள். சின்ன ஊர், ஆனால் டூல் பட்டறைகளுக்குப் பேர் போனது. அத்தனைக்கும் விதை ஜிப். 1913-இல் அங்கே குடிவந்த கம்பெனிதான் பின்னாளில் டாலன் ஆனது. இன்றைய ஜிப்பை வடிவமைத்த கிடியன் சண்ட்பேக் அந்தக் கம்பெனிக்காரர்தான். ஜிப்பின் பல்லை லட்சக்கணக்கில் ஒரே அளவில் அடிக்க வேண்டும்; ஒரு பல் மாறினாலும் பேன்ட் திறந்துகொள்ளும். அதற்கு டை (உலோகத்தை வெட்டி அடிக்கும் அச்சு) செய்யத் தெரிந்தவர்களைக் கம்பெனியே பயிற்றுவித்தது. அவர்கள் வெளியே வந்து கொட்டகையிலும் கராஜிலும் தங்கள் பட்டறையைத் தொடங்கினார்கள். அவர்களிடம் கற்றவர்கள் அடுத்த பட்டறையைத் தொடங்கினார்கள். டாலன் ஜப்பானின் ஒய்.கே.கே.விடம் தோற்றது. ஆனால் அந்த ஒய்.கே.கே. 1974-இல் ஜார்ஜியா மாநிலத்தில் மேக்கனில் ஃபேக்டரி போட்டு, அமெரிக்கக் கூலி கொடுத்து அமெரிக்காவிலேயே ஜிப் செய்தது. பித்தளைக் கம்பியிலிருந்து துணி நாடா வரை, ஜிப் செய்யும் மெஷின் உட்பட, எல்லாவற்றையும் தானே செய்துகொள்ளும் கம்பெனி அது. டாலன் போன பிறகும் மீட்வில்லில் பட்டறைகள் நிற்கின்றன. கம்பெனியைவிடக் கைத்தொழிலுக்கு ஆயுள் நீளம் என்பதை அந்த ஊர்த் தெருவில் கண்ணால் பார்க்கலாம்.

ஈரியிலேயே இன்னொன்று. அங்கே லாரன்ஸ் பார்க்கில் ரயில் எஞ்சின் செய்த ஜி.இ., 2013-இல் 950 வேலைகளைக் குறைப்பதாக அறிவித்தது. வேலை போனது டெக்சஸ் ஃபோர்ட் வொர்த்துக்கு, வெளிநாட்டுக்கு அல்ல. 2015-இல் இந்திய ரயில்வேயின் ஆயிரம் டீசல் எஞ்சின் ஆர்டர் கிடைத்தது. முதல் எஞ்சின் ஈரியில் செய்து கப்பலேறியது. ஆர்டரில் பெரும்பகுதியைப் பீகாரில் மர்ஹவுராவில் புதிதாக ஃபேக்டரி போட்டுச் செய்கிறார்கள். வாங்குகிற நாடு ‘என் ஊரில் செய்’ என்று நிபந்தனை போடுவதும் வேலை இடம் மாற ஒரு காரணம். ஈரிக்காரர் ஒருவர் உங்களிடம் இதைச் சொல்லி வருத்தப்பட்டால் பொறுமையாகக் கேளுங்கள்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இங்கே நன்றாகக் காலூன்றிய நம்மவர்கள் சிலர், ஃபேக்டரிக்குள் ஒரு நாளும் நுழையாதவர்கள், ‘அமெரிக்காக்காரனுக்கு உடம்பு வணங்காது, அதான் வேலை போச்சு’ என்று விருந்துகளில் பேசுவார்கள். அது அநியாயம். அறுபது வயதில் எஃகைத் தேய்த்து மட்டமாக்கும் சர்ஃபேஸ் கிரைண்டர் முன்னால் நின்று ஒரு தவ்வில் பத்தில் ஒரு பங்கைக் கையால் எடுப்பவர்கள் இந்த ஊர்களில் இருக்கிறார்கள். தவ் என்றால் ஆயிரத்தில் ஒரு இன்ச், 25.4 மைக்ரான். அவர்களிடம் தொழில் கற்க ஆள் இல்லை. நீங்கள் அந்த ஆளாக இருக்கலாம்.

ஆனால் கையெழுத்துப் போடுமுன் இவற்றைக் கேளுங்கள். ஊழியரின் வேலை அனுமதியைச் சரிபார்க்கும் அரசின் இ-வெரிஃபை முறையில் கம்பெனி பதிவு செய்திருக்கிறதா? முப்பது பேர் உள்ள மோல்டு பட்டறைகள் பல செய்திருக்காது. அது இல்லாமல் உங்கள் ஓபிடிக்கு (படிப்பு முடிந்ததும் மாணவர் விசாவிலேயே வேலை பார்க்கும் அனுமதி), அறிவியல், தொழில்நுட்பம் படித்தவர்களுக்கான 24 மாத ஸ்டெம் நீட்டிப்பு கிடைக்காது; ஐ-983 பயிற்சித் திட்டத்திலும் அவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்தது, ராணுவ ஆர்டர் உண்டா? ராணுவத் தொழில்நுட்பம் வெளியாருக்குப் போகாமல் தடுக்கும் ஐடார் விதிப்படி அந்த வரைபடங்களைக் குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் பார்க்கலாம், நீங்கள் பார்க்க முடியாது. கம்பெனி வருமானத்தில் பாதி அதுவென்றால் உங்களுக்கு அங்கே பாதி வேலைதான். எச்1பி வேலை விசா கிடைத்த பிறகு வேலை போனால் இங்கே தங்க அதிகபட்சம் 60 நாள் அவகாசம். ஆலை மூடலுக்கு 60 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்ற வார்ன் சட்டம் நூறு பேருக்குக் குறைந்த கம்பெனிகளைக் கட்டுப்படுத்தாது, ஆகவே அதை நம்பாதீர்கள்.

நேர்முகத்துக்குப் போனால் ஃபேக்டரியைச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். ரேக்கில் உள்ள மோல்டுகளில் எத்தனை புதிது, எத்தனை ரிப்பேருக்கு வந்தது என்று பாருங்கள். சீனாவில் செய்து இங்கே சரிசெய்யும் மோல்டுதான் பாதிக்கு மேல் என்றால் அதுவும் பிழைப்புதான், ஆனால் உங்களுக்கு டிசைன் வேலை வராது. மோல்டில் வாடிக்கையாளர் பெயர்த் தகட்டைப் படியுங்கள். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அவர் போகிற அன்றைக்குக் கம்பெனியும் போகும்.

சேர்ந்த பிறகு முதல் மாதத்தில் நம் ஆட்கள் வழுக்கும் இடங்கள் இரண்டு. நாம் படித்தது ஃபர்ஸ்ட் ஆங்கிள் வரைபடம், இங்கே தேர்ட் ஆங்கிள். வலப்பக்கக் காட்சி வலப்பக்கத்திலேயே இருக்கும். கவனிக்காமல் வெட்டினால் கண்ணாடியில் பார்த்த மாதிரி பார்ட் வரும், எஃகு குப்பைக்குப் போகும். இன்னொன்று கூலிங் லைன் (மோல்டைக் குளிர்விக்கும் தண்ணீர்க் குழாய்) திரெட். கால் இன்ச் குழாயில் பிரிட்டிஷ் முறையான பிஎஸ்பி இன்ச்சுக்கு 19 திரெட், அமெரிக்க முறையான என்பிடி 18. முதல் இரண்டு சுற்று அழகாகப் பிடிக்கும், பிறகு இறுகும், அழுத்தம் கொடுத்ததும் ஒழுகும். சீன மோல்டு வந்தால் முதலில் அதைத்தான் சோதியுங்கள். இன்ச்சில் யோசிக்க மூன்று மாதத்தில் பழகிவிடும், எல்லாரும் பழகியிருக்கிறார்கள்.

மற்றபடி வாடகை பெரிய நகரங்களைவிட மிகவும் குறைவு, கவலை வேண்டாம். பனி ஏரியிலிருந்து வரும். 2017 கிறிஸ்துமஸ் அன்று ஒரே நாளில் 34 இன்ச் விழுந்த ஊர் அது, ஆகவே நவம்பர் முதல் வாரத்திலேயே பனி டயர் மாட்டிவிடுங்கள், அரிசிக்கும் பருப்புக்கும் க்ளீவ்லண்டோ பஃபலோவோ ஒன்றரை மணி நேரம்தான்.