முதல் சோலோ: தரை தொட்ட விமானம் எகிறினால்?

கேள்வி: மகள் பைலட் பயிற்சியில் இருக்கிறாள், சீக்கிரமே முதல் சோலோ, அதாவது ஆசிரியர் இல்லாமல் தனியாக ஓட்டப்போகிறாள். அவளோடு படிக்கும் மாணவர் ஒருவர் தனியாக செஸ்னா 152 என்ற இரண்டு சீட் பயிற்சி விமானத்தை இறக்கும்போது, விமானம் மூன்று முறை எகிறி மூக்குச் சக்கரம் முறிந்துவிட்டது. அவருக்குக் காயமில்லை, எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது. மகளிடம் என்ன கேட்க வேண்டும்?

பதில்: உங்கள் பயம் நியாயமானதுதான். ஆனால் இது பயிற்சியால் தவிர்க்கக்கூடிய விபத்து.

செஸ்னா 152-இன் அதிகபட்ச எடையே 757 கிலோதான். பக்கத்து சீட்டிலிருந்து ஆசிரியர் இறங்கியதும் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு எடை போய்விடும், அதனால் விமானம் விறுவிறுவென்று மேலேறும், இறங்கும்போதோ ஓடுபாதைக்கு மேல் மிதந்துகொண்டே போகும். கொஞ்சம் வேகம் கூடுதலாக வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அந்த நேரத்தில் பொறுமையிழந்து மூக்கைக் கீழே அழுத்தினால் முன்சக்கரம் முதலில் மோதி விமானம் எகிறும். பதறிப்போய் மறுபடி அழுத்தினால் இன்னும் மோசமாக எகிறும். பின்சக்கரங்கள் ஓரளவு அடி தாங்கும், முன்சக்கரம் தாங்காது. அது மடங்கி புரொப்பல்லர் தரையில் அடித்தால் இன்ஜினையே பிரித்துப் பார்க்க வேண்டிவரும்.

முதல் எகிறலிலேயே இறங்குவதை விட்டுவிட்டு மேலே போய்விட வேண்டும், அதாவது கோ-அரவுண்ட். த்ராட்டில் (இன்ஜின் பவரைக் கூட்டும் பிடி) முழுசாக, கார்புரேட்டர் ஹீட் (இன்ஜினுக்குச் சூடான காற்று விடும் குமிழ்) உள்ளே, ஃபிளாப்பை (இறங்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறக்கும் தகடு) 20 டிகிரிக்குக் குறைத்து, 55 நாட் (மணிக்குச் சுமார் 100 கி.மீ.) வேகத்தைப் பிடிக்க வேண்டும். பதற்றத்தில் ஃபிளாப்பை ஒரேயடியாக மடக்கினால் விமானம் தொப்பென்று கீழிறங்கும். முழு பவர் கொடுத்ததும் மூக்கு தானாக மேலே தூக்கும், இடப்பக்கம் இழுக்கும், அதனால் கண்ட்ரோலை முன்னால் தள்ளிப் பிடித்து வலது ரட்டரையும் (வால் பக்கம் மூக்கை இடம் வலம் திருப்பும் தகட்டுக்கான மிதி) மிதிக்க வேண்டும். இதெல்லாம் யோசிக்காமல் கை கால் செய்கிற அளவுக்குப் பழகியிருக்க வேண்டும்.

ஆகவே மகளிடம், “லேண்டிங் நல்லா வருதா?” என்று கேட்காதீர்கள். எகிறலுக்குப் பிறகான கோ-அரவுண்டை ஆசிரியர் கைவைக்காமல் அவளே செய்திருக்கிறாளா என்று கேளுங்கள். இல்லையென்றால் சோலோவைத் தள்ளிவைக்கச் சொல்லி அவளே ஆசிரியரிடம் பேசட்டும், அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

அப்புறம், சோலோ தேதியைச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லி வைக்காதீர்கள். காற்று சரியில்லாத காலையில் “இன்னைக்கு வேண்டாம் சார்” என்று சொல்ல அவளுக்குத் தயக்கம் வரக்கூடாது.