சைலன்சர் மாற்றினால் வாரண்டி போய்விடுமா?

கேள்வி: அண்ணை, வணக்கம். நான் புதுக்குடியிருப்பு. கனடாவில் இருக்கும் தமையனின் உதவியோடு போன வருடம் ஒரு சுசுகி சுவிஃப்ட் ஸ்போர்ட் எடுத்தேன். 1.4 லீற்றர் டர்போ, 2023இல் செய்தது, ஜப்பானில் கொஞ்சம் ஓடியது, கொழும்பில் ஒரு இறக்குமதியாளரிடம் வாங்கியது. எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் 2 வருட வாரண்டி என்று ஒரு கடிதமும் தந்தார்கள். கார் ஓட்ட அருமை, ஆனால் சத்தமே இல்லை. நல்ல எக்ஸோஸ்ட் ஒன்று போட ஆசையாக இருக்கிறது. வவுனியாவில் ஒரு கராஜில் கேட்டால், புகையைச் சுத்தப்படுத்தும் கற்றலிற்றிக் கொன்வேர்ட்டரையும் தூக்கிவிட்டு நேர்ப் பைப் அடித்தால்தான் பவர் வரும் என்கிறார்கள். தமையனோ, பைப் மாற்றியதற்காக வாரண்டியை நிறுத்தச் சட்டம் விடாது, பயப்படாதே என்கிறார். யார் சொல்வது சரி? எதைப் போடலாம்?

பதில்: தம்பி, இரண்டு பேர் சொன்னதையும் அப்படியே எடுக்காதீர்கள்.

தமையன் சொல்வது 1975இல் வந்த மக்னுசன்-மொஸ் வாரண்டிச் சட்டத்தை என்று நினைக்கிறேன். வெளியாள் செய்த பாகத்தைப் போட்டார் என்பதற்காக மட்டும் கம்பனி வாரண்டியை மறுக்க முடியாது, பழுதுக்கு அந்தப் பாகம்தான் காரணம் என்று காட்டவேண்டும் என்பது அதன் சாரம். நல்ல சட்டம், ஆனால் அது அமெரிக்காவின் சட்டம். கனடாவுக்கே பொருந்தாது, புதுக்குடியிருப்புக்கு எப்படிப் பொருந்தும்? இணையத்தில் வீடியோ பார்த்துவிட்டு எங்கள் பெடியள் நிறையப் பேர் இதையே நம்பிக்கொண்டு இருக்கிறார்கள்.

முதலில் வாரண்டிக் கடிதத்தை எடுத்து, கீழே யாருடைய முத்திரை இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் கார் சுசுகியின் இலங்கை ஏஜென்ட் மூலம் வரவில்லை, ஆகவே அது சுசுகி தந்த வாரண்டி அல்ல, உங்களுக்கு விற்றவர் தந்த வாக்கு. அந்த வாக்கு எவ்வளவு தூரம் போகும் என்பது அந்தத் தாளில் எழுதியிருப்பதைப் பொறுத்தது. எந்த மாற்றம் செய்தாலும் முழு வாரண்டியும் ரத்து என்று ஒரு வரி அடியில் சின்ன எழுத்தில் கிடக்கலாம். அப்படி இருந்தால், கடைசிச் சைலன்சர் ஒன்றை மட்டும் மாற்றினாலும் நாளைக்கு கியர்பொக்ஸ் பழுதாகும்போது அந்த வரியைத்தான் உங்கள் முன் நீட்டுவார்கள். ஆகவே மாற்றுவதற்கு முன் அவர்களுக்கு எழுதுங்கள், இன்ன சைலன்சர் போடப்போகிறேன், எஞ்சின் பக்கம் தொடமாட்டேன், சம்மதமா என்று. வாட்ஸ்அப்பில் வந்த பதிலாக இருந்தாலும் பத்திரமாக வையுங்கள். தொலைபேசியில் சொன்ன சம்மதம் கணக்கில் வராது.

ஏஜென்டிடம் புதிதாக வாங்கியவர்களுக்குக் கதை கொஞ்சம் வேறு. உற்பத்திக் கம்பனியின் வாரண்டிப் புத்தகத்தில் பெரும்பாலும், மாற்றத்தால் வந்த பழுதுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்றுதான் இருக்கும், முழுவதும் ரத்து என்று இருக்காது. இந்த இடத்தில் என் அனுபவத்தைச் சொல்கிறேன். 2017இல் ஏஜென்டிடம் வாங்கிய என் காருக்குப் பின் சைலன்சர் மாற்றியிருந்தேன். எட்டு மாதத்தில் ஏசி கொம்பிரசர் செத்துப்போனது. சேவிஸ் சென்ரரில் காரைத் தூக்கி அடியில் பார்த்துவிட்டு, வாரண்டி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது, ஆனாலும் சண்டை பிடிக்கவில்லை. பின்னால் இருக்கும் பைப் முன்னால் இருக்கும் கொம்பிரசரை எப்படிப் பழுதாக்கியது என்பதை உங்கள் கடிதத் தலைப்பில் எழுதித் தாருங்கள் என்று மட்டும் கேட்டேன். இரண்டு கிழமையில் புதுக் கொம்பிரசர் போட்டுத் தந்தார்கள். நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது, 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். ஆனால் அங்கே போகும்போது கையில் எழுத்து இருக்கவேண்டும். அன்று பழுதானது டர்போவாக இருந்திருந்தால் என் கேள்வியே எனக்கு எதிராகத் திரும்பியிருக்கும், ஏனென்றால் டர்போவுக்கும் பைப்புக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

கராஜ்காரர் சொன்னதை ஏன் வேண்டாம் என்கிறேன் என்பதும் இதற்குள்தான் இருக்கிறது. எஞ்சினில் இருந்து வரும் புகை டர்போவைச் சுற்றிவிட்டு, கொன்வேர்ட்டருக்குள் போய், அப்புறம் நடுப் பைப், பின் சைலன்சர் என்று வெளியே வருகிறது. கொன்வேர்ட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று ஒட்சிசன் சென்சர்கள் இருக்கின்றன. கொன்வேர்ட்டரைத் தூக்கினால் பின் சென்சர் கண்டுபிடித்துவிடும், டாஷ்போர்ட்டில் எஞ்சின் விளக்கு எரியும், ஸ்கேன் பண்ணினால் P0420 என்று, அதாவது கொன்வேர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்ற குறியீடு வரும். அந்தக் குறியீடு எஞ்சின் கம்பியூட்டரின் நினைவில் இருக்கும், எஞ்சின் பழுது என்று வாரண்டிக்குப் போகும் நாளில் அவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். டர்போவுக்குப் பின்னால் அழுத்தம் திடீரென்று குறைந்தால் பூஸ்ட், அதாவது டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம், அளவு மீறி ஏறவும் கூடும், அதை அடக்க கம்பியூட்டரை மறுபடி எழுதவேண்டும், அதோடு எஞ்சின் வாரண்டியை நீங்களே கிழித்ததாகிவிடும். போதாததற்கு, வருடாவருடம் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது, கொன்வேர்ட்டர் இல்லாத கார் அதில் தேறுவது கஷ்டம். கழற்றிய கொன்வேர்ட்டருக்குள் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் இருக்கின்றன, அதற்குத் தனி விலை உண்டு. கழற்றச் சொல்லி யாராவது அவசரப்படுத்தினால் இதையும் யோசியுங்கள்.

ஆகவே கொன்வேர்ட்டருக்குப் பின்னால் உள்ள பகுதியை மட்டும் மாற்றுங்கள், அதிலும் வெட்டாமல் போல்ட்டில் கழற்றிப் பூட்டக்கூடிய செட்டாக எடுங்கள். பவர் பெரிதாக ஏறாது, உண்மையைச் சொல்லவேண்டும், பூஸ்ட்டைக் கட்டுப்படுத்துவது கம்பியூட்டர், அது மாறாமல் பைப்பை மட்டும் மாற்றினால் சில குதிரைவலுதான். 970 கிலோ காருக்கு 140 குதிரைவலு ஏற்கனவே இருக்கிறது, முல்லைத்தீவு வீதிக்கு அது தாராளம். நீங்கள் வாங்குவது சத்தத்தின் தரத்தை.

ஜப்பான் கார் என்பது உங்களுக்கு ஒரு வசதி. ஃபுஜிட்சுபோ, எச்கேஎஸ், பிளிட்ஸ் போன்றவர்கள் அந்தக் காருக்கென்றே அளந்து செய்கிறார்கள். 2010 ஏப்ரலில் இருந்து செய்யப்பட்ட கார்களுக்கு, ஜப்பானில் மாற்றுச் சைலன்சர் சத்தச் சோதனையில் தேறியதைக் காட்டும் அடையாளம் இருந்தாகவேண்டும், அந்தத் தகடு உள்ளதையே தேடுங்கள். பெயரை மட்டும் அடித்த போலிகளும் சந்தையில் உண்டு, வெல்டிங் மூட்டுகளையும் தகட்டையும் நெருங்கிப் பாருங்கள். கடற்கரைக் காற்று படும் ஊர் உங்களுடையது, சாதாரண இரும்புப் பைப் உப்பில் சீக்கிரம் தின்னப்பட்டுவிடும், 304 தரத் துருப்பிடிக்காத உருக்கு நின்றுபிடிக்கும். இன்னொன்று, அந்தக் காருக்கு அடியில் 12 சென்ரிமீற்றர்தான் இடைவெளி. அதைவிடத் தாழத் தொங்கும் பைப்பைப் போட்டால் கிரவல் ஒழுங்கையிலும் மழைக்காலப் பள்ளத்திலும் உரசும்.

வாங்குமுன் அதே செட் போட்ட காரில் ஏறி ஓடிப் பார்க்க முடியுமானால், ஏ9 வீதியில் 70இல் நிலையாக ஓடிப் பாருங்கள். 2000 சுற்றை ஒட்டி ஒரு 'கும்' என்ற இரைச்சல் காருக்குள் நிற்கிறதா என்று கவனியுங்கள். நின்ற இடத்தில் அக்சிலேற்றரை மிதித்துக் கேட்கும்போது அது தெரியாது. ஓமந்தை தாண்டி முறிகண்டிப் பிள்ளையாரடியில் கச்சான் வாங்க இறங்கும்போதும் காதுக்குள் இரைந்துகொண்டிருந்தால் அந்தச் செட் உங்களுக்கு வேண்டாம்.

யுத்தகாலத்தில் மண்ணெண்ணெயில் காரையும் மோட்டார் சைக்கிளையும் ஓடவைத்த கைகள் எங்கள் மெக்கானிக்மாரின் கைகள், அவர்களின் வெல்டிங்கை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் வாரண்டி உள்ள காரை வெட்டி ஒட்டவேண்டாம். வேறு வழியின்றி காரில் வெல்டிங் பிடிக்க நேர்ந்தால் பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றாமல் விடாதீர்கள், கம்பியூட்டர் போய்விடும். கழற்றிய பழைய சைலன்சரைச் சாக்கில் சுற்றி வீட்டில் வையுங்கள், விற்கவேண்டாம். காப்புறுதிக் கம்பனிக்கும் மாற்றியதை எழுதி அறிவியுங்கள்.

கடைசியாக ஒன்று, இதை நீங்கள் கேட்கவில்லை. அக்சிலேற்றரில் இருந்து காலை எடுக்கும்போது பட் பட் என்று வெடிக்கும்படி கம்பியூட்டரை மாற்றி எழுதித் தரும் ஆட்கள் இருக்கிறார்கள். அது கொன்வேர்ட்டரையும் டர்போவையும் கெடுக்கும், 2025 தொடக்கத்தில் இருந்து பொலிசாரும் சத்தமான சைலன்சர்களைத் தேடிப் பிடிக்கிறார்கள், இதெல்லாம் ஒரு பக்கம். நீங்கள் இருக்கும் ஊரில் 2009 யுத்தத்தில் அந்தச் சத்தத்துக்கு பங்கருக்குள் ஓடியவர்கள் இன்னும் அதே வீதியில் குடியிருக்கிறார்கள். என் பெரியம்மா இன்றைக்கும் தீபாவளிக்கு வெடி கொளுத்தினால் கதவைச் சாத்திவிட்டு உள்ளே இருப்பார். அந்த வெடிச் சத்தத்தை மட்டும் காரில் போடாதீர்கள், தம்பி.

கேள்வி: சைலன்சரில் சின்ன ஓட்டை விழுந்திருக்கிறது. புகைப் பரிசோதனைக்கு முன் கட்டாயம் அடைக்கவேண்டுமா? (கிளிநொச்சி வாசகர்)

பதில்: அடையுங்கள். ஓட்டை பின்னால் இருந்தால் வெளிக்காற்று புகையோடு கலந்து மெசினின் அளவு பிழைத்துவிடும், அதனால் திருப்பி அனுப்பலாம். முன்னால், ஒட்சிசன் சென்சருக்கு மேலே இருந்தால் இன்னும் மோசம். உள்ளே நுழையும் காற்றைப் பார்த்து பெற்றோல் குறைவு என்று சென்சர் ஏமாறும், கம்பியூட்டர் மேலதிகமாகப் பெற்றோலை ஊற்றும், உங்கள் காசுதான் கரையும். சவர்க்கார நுரையைப் பூசி, எஞ்சினை ஸ்டார்ட் செய்து, துணியால் பைப் வாயைக் கொஞ்சம் மறித்தால் குமிழி வரும் இடம் தெரியும். எஞ்சின் சூடாகுமுன் இதைச் செய்யுங்கள்.