பல் மருத்துவர் பதில்கள்: இந்த மாதம் இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் திருகிப் பொருத்தும் செயற்கைப் பல் வேர்)

அப்பாவுக்கு 78 வயது. இம்ப்ளான்ட் போடலாமா? (ஜெலுத்தோங்)

வயதை மட்டும் எழுதினால் நான் என்ன ஜோசியமா பார்ப்பது? சர்க்கரை உண்டா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, சிகரெட் பிடிக்கிறாரா? ஒன்றும் இல்லை கடிதத்தில். வயதுக்கு மேல்வரம்பு கிடையாது. எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 8-க்குக் கீழே இருந்தால் பேசலாம். மருந்துப் பட்டியலோடு வாருங்கள்.

இம்ப்ளான்ட் உள்ளவர் எம்ஆர்ஐ எடுக்கலாமா? (பட்டர்வொர்த்)

எடுக்கலாம். இம்ப்ளான்ட் செய்யும் டைட்டானியத்தைக் காந்தம் இழுக்காது. ஸ்கேன் எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அம்மா எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரை சாப்பிடுகிறார். இம்ப்ளான்ட் போடலாமா? (நிபோங் திபால்)

அந்த வகை மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்களில் சிலருக்குத் தாடை எலும்பு ஆறாமல் போகும். பல் பிடுங்குவதற்கும் இதே எச்சரிக்கைதான். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மருந்து கொடுத்த டாக்டரும் பல் டாக்டரும் பேசி முடிவெடுக்கட்டும். மறுபடியும் சொல்கிறேன்: மருந்துப் பட்டியல்!

அமெரிக்காவில் வயதானவர்கள் எல்லாரும் இம்ப்ளான்ட் போடுகிறார்களாமே. நம் ஆட்கள் மட்டும் ஏன் கழற்றி மாட்டும் பல்செட்டிலேயே இருக்கிறோம்? (செந்தூல்)

எல்லாருமா? அந்நாட்டு தேசிய ஆய்வுக் கணக்கில், பல் இழந்த பெரியவர்களில் இம்ப்ளான்ட் உள்ளவர்கள் 1999-2000-இல் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 2015-16-இல் நூற்றுக்குச் சுமார் ஆறு பேர். 65 முதல் 74 வயதுக்காரர்களிடம்தான் ஏற்றம் அதிகம். அதிலும் படித்தவர்களும் தனியார் காப்புறுதி உள்ளவர்களுமே முன்னால் நிற்கிறார்கள். முதியோருக்கான அரசுக் காப்புறுதியான மெடிகேர் வழக்கமான பல் செலவைத் தருவதில்லை. அங்கேயும் காசுதான் பல் முளைக்க வைக்கிறது.

இங்கே மலேசியாவில் தனியாரிடம் ஒரு பல்லுக்கு ஆறாயிரம், பத்தாயிரம் வெள்ளி (ரிங்கிட்). தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர் இபிஎஃப் பணத்தில் எத்தனை பல் வாங்குவார்? அரசாங்க கிளினிக்கில் குறைந்த கட்டணத்தில் பல்செட் கிடைக்கிறது, அதை மாட்டிக்கொள்கிறார். அதோடு, 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி நம் இந்தியப் பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குச் சர்க்கரை. அது ஈறையும் கெடுக்கும், இம்ப்ளான்ட் எலும்போடு சேர்வதையும் கெடுக்கும்.

என் ஆதங்கம் வேறு. வாய் முழுக்கப் பல் என்று அறுபதாயிரத்துக்குப் பேக்கேஜ் விளம்பரம் ஒட்டுகிறார்கள். கீழ்த்தாடையில் இரண்டே இரண்டு இம்ப்ளான்ட் வைத்து, ஆடும் பல்செட்டை அதில் பூட்டிவிடலாம் என்பதை யாரும் ஒட்டுவதில்லை. பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு முதலில் யோசிக்க வேண்டியது இதுதான் என்று கனடாவின் மொன்றியாலில் நிபுணர்கள் கூடிச் சொன்னது 2002-இல்! பத்துப் பல்லுக்கு விலை கேட்கிறீர்கள், முடியாதென்று தெரிந்ததும் பாட்டியைக் கஞ்சியிலேயே விட்டுவிடுகிறீர்கள். நடுவில் ஒரு வழி இருக்கிறது, கேளுங்கள்.

தாய்லாந்தின் ஹாட்யாயில் மலிவு என்கிறார்கள். போகலாமா? (பட்டர்வொர்த்)

போங்கள். ஆனால் எலும்பு பிடிக்க மூன்று முதல் ஆறு மாதம் ஆகும், ஒரே பயணத்தில் முடியாது. பிராண்ட், அளவு, லாட் (தயாரிப்புத் தொகுதி) எண் எழுதிய அட்டையை வாங்காமல் திரும்பாதீர்கள். ஸ்குரு தளர்ந்த பிறகு "என்ன பிராண்டென்று தெரியலையே டாக்டர்" என்று வந்தால், பொருந்தும் கருவியை நான் எங்கே போய்த் தேடுவது?

இம்ப்ளான்டுக்குச் சொத்தை வராதே, துலக்க வேண்டுமா? (ஆயர் ஈத்தாம்)

வேண்டும். சொத்தை வராது, ஆனால் துலக்காவிட்டால் சுற்றியுள்ள ஈறு வீங்கிச் சீழ் பிடித்து எலும்பு கரையும். புகையிலை போட்ட வெற்றிலையும் வேண்டாம்.

(படம் மட்டும்) எவ்வளவு டாக்டர்? (பெயர், ஊர் இல்லை)

கைப்பேசிப் படத்தில் எலும்பு தெரியாது. எக்ஸ்ரே எடுங்கள். மருந்துப் பட்டியலும்.