போப்பின் பாட்டியும் கிரியோல்களும்

கேள்வி: போப் 14-ம் லியோவின் தாய்வழித் தாத்தா, பாட்டி கிரியோல்கள் என்கிறார்களே. அவர்கள் கறுப்பரா, வெள்ளையரா?

பதில்: எந்த சென்சஸைப் புரட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது! அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், நியூ ஆர்லியன்ஸ் நகரில் இருந்தபோது, 1900-ல், கறுப்பர் என்று எழுதினார்கள். சிகாகோவுக்குக் குடிபோனார்கள், 1920-ல் வெள்ளையர். அதே ஆட்கள், அதே தோல்.

கிரியோல் என்பது முதலில் நிறத்தைச் சொன்ன வார்த்தையே இல்லை. ஐரோப்பாவிலிருந்தோ ஆப்பிரிக்காவிலிருந்தோ வந்திறங்காமல் லூசியானா மண்ணிலேயே பிறந்தவர் கிரியோல், அவ்வளவுதான். அதில் வெள்ளைத் தோட்ட முதலாளியும் உண்டு, அவருடைய அடிமையும் உண்டு, இருவருக்கும் நடுவே பிரெஞ்சு பேசிக்கொண்டு கத்தோலிக்கராக வாழ்ந்த, அடிமையல்லாத கலப்பு வம்சத்தவரும் உண்டு. (இவர்களைத் தியாகிகளாக்க வேண்டாம், இவர்களில் சிலரே அடிமைகளை வைத்திருந்தார்கள்.) 1803-ல் பிரான்ஸிடமிருந்து அமெரிக்கா லூசியானாவை வாங்கியது. அமெரிக்கர் கணக்கில் இரண்டே நிறம், நடுவில் நிற்க இடமில்லை.

கேள்வி: பார்க்க வெள்ளையாக இருந்தால் அப்படியே வாழ்ந்துவிட வேண்டியதுதானே?

பதில்: வாழ்ந்தவர்கள் ஏராளம். ஆனால் சொந்த பந்தம் வீட்டுக்கு வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடுமே, அதனால் உறவையே அறுத்துக்கொண்டு போனார்கள். நியூ ஆர்லியன்ஸ் கிரியோலான ஹோமர் பிளெஸ்ஸி இதற்கு நேர் எதிர். எட்டில் ஒரு பங்குதான் ஆப்பிரிக்க ரத்தம், வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. 1892-ல் ரயிலில் வெள்ளையர் பெட்டியில் ஏறி, வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனிப் பெட்டி என்ற சட்டத்தைச் சோதிப்பதற்கென்றே கைதானார். 1896-ல் உச்ச நீதிமன்றம் தனித்தனிப் பெட்டி சரிதான் என்று சொல்லிவிட்டது. அவருக்கு அரசு மன்னிப்பு வந்தது 2022-ல், அவர் இறந்து ஒரு நூற்றாண்டு ஆகப்போகிற நேரத்தில்! கூத்து அதோடு முடியவில்லை. கறுப்பு ரத்தம் 32-ல் ஒரு பங்கைத் தாண்டினால் கறுப்பர் என்று 1970-ல் லூசியானா சட்டம் போட்டது, 1983-ல்தான் கைவிட்டது.

கேள்வி: மொரிஷியஸ் தமிழர்களும் கிரியோல் என்ற மொழியைப் பேசுகிறார்களே, அப்போது அவர்களும் கிரியோல்களா?

பதில்: மொழி எல்லாருக்கும் பொது, பெயர் மட்டும் இல்லை. அங்கே கிரியோல் என்றால் பெரும்பாலும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர், மடகாஸ்கர்காரர் வழி வந்தவர்கள். அரசியல் சாசனம் இந்து, முஸ்லிம், சீனர் என்று பிரித்துவிட்டு, மிச்சம் இருப்பவர்களைப் 'பொது மக்கள்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டது, கிரியோல்களும் அதற்குள்தான். பக்கத்துத் தீவான ரீயூனியனுக்குப் போய்ப் பாருங்கள், அங்கே மலபார் எனப்படும் தமிழ் வம்சத்தவரும் கிரியோல்தான்.