குருந்தூர்மலையும் வெடுக்குநாறிமலையும்: குடும்பத்தோடு போகலாமா?

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "ஓகஸ்ட் விடுமுறையில் நான், கணவர், பத்து வயது மகன், முழங்கால் நோவுள்ள அம்மா, நான்கு பேரும் வன்னிக்குப் போக இருக்கிறோம். குருந்தூர்மலை, வெடுக்குநாறிமலை இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாமா? எத்தனை மணிக்கு ஏறத் தொடங்குவது, என்ன கொண்டுபோவது? உச்சியில் கூடாரம் அடித்துத் தங்கி விடியலைப் பார்க்க மகனுக்கு ஆசை."

போகலாம். ஆனால் ஒரு நாளில் ஒரு மலைதான், அதுவும் ஊர் தெரிந்த ஒருவரோடு. கூடாரம் வேண்டாம்.

இலங்கையின் வடக்கிலுள்ள வன்னி பெரும்பாலும் சமதரை. மலையகத்தைப் போல நாள்முழுக்க ஏறுகிற ஏற்றம் இங்கே கிடையாது. காட்டுக்கு நடுவே தனித்தனியாக எழுந்து நிற்கும் பழைய பாறைக் குன்றுகளைத்தான் நாங்கள் மலை என்கிறோம். சுற்றியிருந்த மண்ணும் மெல்லிய பாறையும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கரைந்துபோக, கரையாமல் நின்ற மிச்சம் அது. சுகமாக இருக்கிற ஒருவர் ஏறி இறங்குவது பெரிய வேலையல்ல. கஷ்டம் அடிவாரத்துக்குப் போய்ச் சேருகிற வழியில்தான். உயரம் குறைவு என்று கேள்விப்பட்டு, தண்ணீரும் இல்லாமல் துணையும் இல்லாமல் கிளம்பி வருகிறவர்கள்தான் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலில் மிதிவெடி பற்றிச் சொல்லிவிடுகிறேன். பயமுறுத்துவதற்காக அல்ல, பிள்ளையோடு வருகிறீர்கள் என்பதற்காக. இலங்கை 2017இல் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. அகற்றும் பணி பெருமளவு முடிந்தும் வடக்கில் இன்னும் மிச்சம் இருக்கிறது. சிவப்புப் பலகையில் வெள்ளை மண்டையோடு, மூன்று மொழியிலும் எச்சரிக்கை, அல்லது தலை சிவப்பாகப் பூசிய கட்டைகள் வரிசையாக, இவற்றில் எதைக் கண்டாலும் அதைத் தாண்டி ஒரு அடி வைக்கக் கூடாது. வெயிலில் வெளுத்த பலகையும் சாய்ந்து புல்லுக்குள் கிடக்கிற பலகையும் பலகைதான். படம் எடுக்கவோ மறைவிடம் தேடியோ பாதையை விட்டு இறங்கவே வேண்டாம். மகனுக்கு வீட்டிலேயே சொல்லி வையுங்கள்: காட்டில் கிடக்கிற இரும்புத் துண்டு எதையும் தொடக் கூடாது, காலால் தட்டவும் கூடாது. சந்தேகமான இடத்துக்குள் வந்துவிட்டோம் என்று தோன்றினால் அந்த இடத்திலேயே அசையாமல் நின்று, மற்றவர்களையும் நிற்கச் சொல்லி, உதவிக்குக் கூப்பிடுங்கள். காவல்துறைக்கு 119.

பாதையை விடக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பன்றிக்கும் மானுக்கும் வைக்கிற கட்டுத்துவக்கு, அதாவது கம்பியில் கால் பட்டதும் தானாக வெடிக்கிற பொறித்துவக்கு. சட்டவிரோதம்தான், ஆனால் இருக்கிறது. முழங்கால் உயரத்தில் மெல்லிய கம்பியோ நூலோ ஒற்றையடிப் பாதையின் குறுக்கே போகும், இலைக்குள் கண்ணுக்குத் தெரியாது. எந்த வழியில் ஆள் நடமாட்டம் இருக்கிறது, எது விட்டுப்போன வழி என்பதெல்லாம் அந்த ஊர்க்காரருக்குத்தான் தெரியும். அவருக்குக் கொடுக்கிற கூலியில் பேரம் பேச வேண்டாம்.

நேரம் சொல்கிறேன். வெயிலுக்குப் பயந்தால் இருட்டோடு புறப்பட வேண்டும், யானைக்குப் பயந்தால் நன்றாக வெளிச்சம் வந்த பிறகுதான் காட்டுக்குள் போக வேண்டும். இரண்டுக்கும் ஒத்துவருவது காலை ஆறரை முதல் பத்து மணி வரைதான். ஓகஸ்டில் கச்சான் காற்று நெருப்பாய் அடிக்கும். பத்து மணிக்குப் பிறகு வெறும் பாறையில் கை வைக்க முடியாது. குளங்கள் வற்றி, மிச்சத் தண்ணீரைத் தேடி யானைகள் திரிகிற காலமும் அதுதான். பின்னேரம் குளக்கரையை அண்டிய காட்டுப்பாதையில் இருக்கவே கூடாது. வழியில் யானை லத்தி (சாணம்) கிடந்தால் கவனியுங்கள். ஈரமாக, பச்சை மணத்தோடு, இன்னும் வண்டு மொய்க்காமல் இருந்தால் யானை தூரத்தில் இல்லை. சத்தம் போடாமல் வந்த வழியே திரும்புங்கள். மலை அங்கேயேதான் இருக்கும்.

கரடியைப் பலர் நினைப்பதே இல்லை. எனக்கு யானையை விட அதுதான் பயம். வைகாசி முதல் ஆடி வரை பாலைப்பழக் காலம், பழத்துக்காகக் கரடி பாலை மரங்களைச் சுற்றியே திரியும். திடீரென்று எதிரே ஆளைக் கண்டால் ஓடாது, பாயும். அதனால் பற்றை அடர்ந்த இடங்களில் கதைத்துக்கொண்டே நடங்கள். பாறைக் குகைகளுக்குள்ளும் இடுக்குகளுக்குள்ளும் எட்டிப் பார்க்க வேண்டாம். பாறைச் சுவரில் பெரிய தேன்வதை தொங்கினால் அதன் அடியில் நெருப்பு, புகை, சத்தம் எதுவும் கூடாது. வாசனைத் திரவியமும் பூச வேண்டாம்.

பாறையில் கால் வைப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. பகல் சூட்டிலும் இரவுக் குளிரிலும் பாறையின் மேல்தோல் தகடு தகடாகக் கிளம்பி நிற்கும். பார்வைக்கு உறுதியாக இருக்கும். கைத்தடியால் தட்டினால் கீழே வெற்றிடம் இருப்பதுபோல ஒலிக்கும். அந்தத் தகட்டில் பாரத்தைப் போடாதீர்கள், சறுக்கிவிடும். மழைத்தண்ணீர் வடிந்து கறுப்பாய்க் கோடு விழுந்த இடங்கள், காய்ந்திருக்கும்போது பரவாயில்லை, கொஞ்சம் நனைந்தாலும் பாசி வழுக்கும். ஏறும்போதே இறங்கும் வழியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். மேலேயிருந்து பார்க்கும்போது எல்லாப் பக்கமும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

சரி, எந்த மலை? உங்கள் குடும்பத்துக்குக் குருந்தூர்மலை. முல்லைத்தீவு மாவட்டத்தில் தண்ணிமுறிப்புக் குளத்தை அண்டியது, குமுழமுனைப் பக்கமிருந்து போகலாம். ஏற்றம் குறைவு. பௌத்தச் செங்கல் தூபியின் இடிபாடும், சுற்றியுள்ள தமிழ்க் கிராமத்தவர் ஆதிசிவன் ஐயனாரை வழிபட்டு வரும் இடமும் அங்கேதான். பௌத்தத் தரப்பும் சைவத் தமிழர் தரப்பும் உரிமை கோருகிற, வழக்கு நடந்த இடம். புதிய கட்டுமானங்களை நிறுத்தும்படி முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றம் 2022இல் உத்தரவிட்டது. எனவே அடையாள அட்டையோடு போங்கள், கல்லையோ செங்கல்லையோ தொட்டு நகர்த்தாதீர்கள், பொங்கல் வைக்கிற எண்ணம் இருந்தால் ஊர்க் கோயில்காரரிடம் கேட்டுவிட்டே செய்யுங்கள்.

வெடுக்குநாறிமலை வவுனியா வடக்கில், நெடுங்கேணிப் பக்கம் ஒலுமடுவில். ஆதிலிங்கேஸ்வரர் கோயிலும் பிராமிக் கல்வெட்டும் உள்ள மலை. கடைசி ஏற்றம் செங்குத்து, அம்மாவுக்குச் சரிவராது. 2024 சிவராத்திரியன்று அங்கே வழிபாட்டில் இருந்த எட்டுப் பேர் கைதாகி, பின்னர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார்கள். காட்டுக்குள் இருக்கிற மலை என்பதால் வனவளத் திணைக்களத்தின் நடைமுறையும் உண்டு, தொல்பொருள் சட்டமும் உண்டு. போகும் முன் கோயில் நிர்வாகத்தினரிடம் நிலைமையைக் கேளுங்கள். இந்தக் கெடுபிடிகள் எல்லாம் ஒருநாள் தீர்ந்து, நம்முடைய பிள்ளைகள் நம்முடைய மலைகளுக்கு யாரையும் கேட்காமல் போய்வர வேண்டும் என்பது என் ஆசை. இன்றைக்கு உங்களுக்குச் சொல்ல வேண்டியது, கேட்டுவிட்டுப் போங்கள் என்பதுதான்.

அம்மாவை வாகனத்திலேயே இருத்தி வைக்காதீர்கள். வன்னியில் பரந்த காட்சி பார்க்க மலை ஏறத்தான் வேண்டும் என்றில்லை. முத்தையன்கட்டுக் குளத்து அணையில் காலையில் நின்றால் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல், அதற்கு அப்பால் காடு. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு வீதியில் வரும்போது ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் கோயிலைக் கும்பிட்டு, பக்கத்தில் கற்சிலைமடுவுக்கும் போங்கள். ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட வன்னித் தலைவன் பண்டாரவன்னியனை 1803 ஒக்டோபர் 31இல் தோற்கடித்ததாக வெள்ளைக்காரர் நட்ட நினைவுக்கல் அங்கே இருந்தது. வென்றவன் பெயரோடு நட்ட அந்தக் கல்லால் இன்றைக்கும் நினைக்கப்படுகிறவன் பண்டாரவன்னியன்தான். மகனுக்கு அந்தக் கதையை அந்த மண்ணில் நின்று சொல்லுங்கள்.

கொண்டுபோக வேண்டியவை அதிகமில்லை. ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர், பாறைக் குழியில் நிற்கிற தண்ணீரைக் குடிக்க வேண்டாம். மூடிய சப்பாத்து, நீளக் காற்சட்டை, கோயில் எல்லையில் சூடு தாங்கத் தடித்த காலுறை, தொப்பி, ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புச் சர்க்கரைத் தூள்), விசில், டோர்ச். போனில் சிக்னல் நம்பிக்கையில்லை, எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று ஊரில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போட்டு இறுக்குவது, கீறுவது, நாட்டு மருந்து தேடி ஓடுவது எதுவும் வேண்டாம். கடித்த இடத்தை அசைக்காமல் நேரே அரச ஆஸ்பத்திரிக்கு. அம்புலன்ஸுக்கு 1990. வீடு வந்ததும் உண்ணி பார்க்க மறக்க வேண்டாம், காதின் பின்புறமும் முழங்கால் மடிப்பும்.

கூடாரத்துக்கு ஏன் இல்லை என்கிறேன் என்று இப்போது விளங்கியிருக்கும். இரவுக் காடு யானைக்கும் கரடிக்கும் சிறுத்தைக்கும் உரியது, தொல்பொருள் இடத்தில் தங்கவும் முடியாது. மகனுக்கு விடியலைக் காட்ட வழி இருக்கிறது. முல்லைத்தீவில் ஒரு இரவு தங்கி, விடிய முன் கடற்கரைக்குப் போங்கள். கிழக்குக் கடல், சூரியன் நேரே தண்ணீருக்குள்ளிருந்து வரும். பார்த்துவிட்டுக் குமுழமுனைக்கு வெளிக்கிட்டால் மலைக்கும் நேரம் சரியாக இருக்கும். பயணத்தைத் தள்ளிப்போட முடியுமானால் மாசி மாதம் வாருங்கள். மழை ஓய்ந்து, குளம் நிறைந்து, பாறையும் ஆறியிருக்கும்.